வழுப் பொறுப்புப் பிணக்கு (கட்டற்ற மென்பொருள்)

வழுப் பொறுப்புப் பிணக்கு என்பது, மென்பொருளொன்றில் தென்படும் வழுவைத் திருத்த வேண்டியவர் யார் என்பது குறித்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டற்ற மென்பொருள் திட்டங்களிடையே எழும் கருத்து வேறுபாடு ஆகும். பேச்சு வழக்கில் ‘பக்’ எனப்படும் வழுக்களிற் பெரும்பாலானவை ஒரே திட்டத்தின் மூலநிரலுக்குள் தோன்றி, அங்கேயே திருத்தப்படுபவை. இரு திட்டங்கள் சந்திக்கும் எல்லையில் தோன்றும் வழுக்களே பிணக்குக்கு உள்ளாகின்றன. இத்தகைய வழுக்களில் இரு தரப்பினரும் தத்தம் ஆவணங்களின்படி சரியாகவே நடந்திருக்கக் கூடும். ஆயினும் பயனரின் கணினியில் கோப்பு அழிந்திருக்கும், அல்லது எழுத்து உடைந்து தெரியும்.

தமிழ்க் கணிமை வரலாற்றில் எழுத்துக்களின் திரைத்தோற்றம் பற்றிய வழுக்கள் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உலக அளவில் டெபியன் - ஓப்பன்எஸ்எஸ்எல் (2006-2008), இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை (2009), போஸ்ட்கிரெஸ் - லினக்ஸ் கருனி (2018) ஆகிய பிணக்குகள் பெரிதும் அறியப்பட்டவை.

பின்னணி

குனூ/லினக்ஸ் இயங்குதளம் தனியொரு நிறுவனத்தின் ஆக்கம் அன்று. கருனி, அடிப்படை நிரல் நூலகங்கள், பணிச்சூழல், உலாவி, எழுத்துருக்கள் எனப் பல நூறு திட்டங்கள் தனித்தனியே உருவாக்கும் கூறுகளை டெபியன், பெடோரா, உபுண்டு போன்ற வழங்கல்கள் பொதிகளாக்கித் தொகுத்து அளிக்கின்றன. ஒரு கூறினை எழுதும் மூலத் திட்டம் மேலோட்டத்தில் இருப்பதாகவும், அதனைத் தொகுத்து வழங்குவோர் கீழோட்டத்தில் இருப்பதாகவும் ஆறு ஓடும் திசையை வைத்துச் சொல்வது வழக்கம். வழங்கலின் பொறுப்பாளர் மூலநிரலில் சிறு மாற்றங்களை ஒட்டுக்களாகச் சேர்ப்பதும் உண்டு. அவ்வாறு சேர்த்தபின் வழு தோன்றினால் அது யாருடையது என்னும் கேள்வி எழுகின்றது.

சட்டப்படி இக்கேள்விக்கு விடை எளிது: பெரும்பாலும் எவரும் பொறுப்பல்லர். குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் 11, 12ஆம் பிரிவுகளும், மூன்றாம் பதிப்பில் 15, 16ஆம் பிரிவுகளும் சட்டம் இடந்தரும் அளவுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை எனத் தெளிவாக அறிவிக்கின்றன. எனவே இப்பிணக்குகள் வழக்குமன்றம் செல்வதில்லை. இங்குப் பேசப்படும் பொறுப்பு உழைப்பைப் பற்றியது. திருத்தத்தை எழுதுவது யார், அதைப் பல்லாண்டுகள் பேணுவது யார், இதனால் மெதுவாகும் மென்பொருளின் பழியைச் சுமப்பது யார் என்பனவே உண்மையான கேள்விகள். பங்களிப்பவர்களுட் பலர் தன்னார்வலர்களாக இருப்பதால் இக்கேள்விகள் வணிக நிறுவனங்களில் உள்ளதைவிடக் கூர்மை பெறுகின்றன.

வழுப் பதிவேடுகளின் சொற்களே இதனைக் காட்டும். லிப்ரேஆபிஸ் பதிவேட்டில் ‘எங்கள் வழு அன்று’ எனப் பொருள்படும் முடிவுநிலை ஒன்று உண்டு. குனோம் திட்டம் பக்சில்லா பதிவேட்டைப் பயன்படுத்திய காலத்தில் ‘குனோமுடையது அன்று’ என்றொரு நிலை இருந்தது. கேடிஈ பதிவேட்டில் ‘மேலோட்டம்’, ‘கீழோட்டம்’ என இரண்டும் உள்ளன. வழுவை அறிவித்த புதிய பயனர், தமக்குப் பெயர்கூடத் தெரியாத மற்றொரு திட்டத்தின் பதிவேட்டிற் புதிதாகக் கணக்குத் தொடங்கி, அதே செய்தியை மீண்டும் எழுத வேண்டியவராகின்றார். பலர் அத்துடன் விட்டுவிடுகின்றனர் என்பது இக்கட்டுரையாளரின் பட்டறிவு.

தமிழ் எழுத்துத் தோற்றம்

வடசென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள டோல்கேட் என்னும் இடத்தின் பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். படிப்பவர் கண்ணுக்கு இது டோ, ல், கே, ட் என நான்கு எழுத்துக்கள். ஒருங்குறியில் இது எட்டுக் குறியெண்களாகச் சேமிக்கப்படும்: டகரம், ஓகாரக் குறி, லகரம், புள்ளி, ககரம், ஏகாரக் குறி, டகரம், புள்ளி. ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்துச் சேமித்தால் ஒன்பது. இரண்டும் சமமானவை என ஒருங்குறித் தரம் கூறுகின்றது. ஏகாரக் குறி ககரத்துக்குப் பின்னர்ச் சேமிக்கப்பட்டாலும் திரையில் அதற்கு முன்னர் வர வேண்டும். ஓகாரக் குறியோ டகரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும்.

இவ்வரிசை மாற்றத்தைச் செய்யும் நிரல், எழுத்து வடிவாக்கப் பொறி எனப்படும். ஆக ஒரு சொல் சரியாகத் தெரிய ஒருங்குறித் தரம், விசைப்பலகை நிரல், வடிவாக்கப் பொறி, எழுத்துரு, செயலி ஆகிய ஐந்தும் ஒத்துழைக்க வேண்டும். எழுத்து உடைந்தால் ஐவரும் மற்ற நால்வரைச் சுட்ட இடமுண்டு.

2000களில் குனூ/லினக்ஸில் ஒன்றல்ல, மூன்று வடிவாக்கப் பொறிகள் புழங்கின. குனோம் செயலிகள் பாங்கோவையும், கேடிஈ செயலிகள் க்யூட்டியின் சொந்த நிரலையும், ஓப்பன்ஆபிஸ் ஐசியூ நூலகத்தின் பொறியையும் சார்ந்திருந்தன. ஒரே கணினியில், ஒரே எழுத்துருவில், ஒரே சொல் ஒரு செயலியில் சரியாகவும் மற்றொன்றில் பிழையாகவும் தெரிவது அன்று இயல்பு. ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிட்ட லோகித் எழுத்துருக்களுள் தமிழும் ஒன்று. எழுத்துரு கட்டற்றதாகக் கிடைத்தபோதும் அதனைப் பயன்படுத்தும் பொறிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. எழுத்துரு வடிவமைப்பாளர் ஒரு பொறிக்கு ஏற்பத் திருத்தினால் மற்றொன்றில் உடையும். தனியுரிமை மென்பொருளான விண்டோசின் யூனிஸ்கிரைப் பொறியில் சரியாகத் தெரிவதே பல எழுத்துருக்களுக்கு அளவுகோலாக இருந்தது. அப்பொறியின் மூலநிரலை எவரும் பார்க்க இயலாது என்பது இதில் ஒரு முரண்நகை.

பயர்பாக்ஸ் உலாவி இன்னொரு சிக்கலைக் கொணர்ந்தது. இரண்டாம் பதிப்பு வரை மொசில்லா நேரடியாக வெளியிட்ட லினக்ஸ் பொதியில் பாங்கோ இயக்கப்படவில்லை. பெடோரா முதலிய வழங்கல்கள் தாமே பாங்கோவை இயக்கி உலாவியைக் கட்டமைத்தன. எனவே வழங்கலின் உலாவியில் தமிழ் படிக்க முடிந்தது. மொசில்லாவின் தளத்திலிருந்து புதிய பதிப்பைப் பதிவிறக்கியவருக்குக் கொம்புகள் இடம் மாறித் தெரிந்தன. பாங்கோவை இயக்கினால் ஆங்கிலப் பக்கங்களும் மெதுவாகும் என்பது அன்று எதிர்த்தரப்பின் வாதம். இரு ஓரமும் சீராக்கப்பட்ட பத்திகளில் தமிழ் எழுத்துக்கள் பிய்ந்து தெரிந்ததும் இக்காலத்ததே. வலைப்பதிவர்கள் தம் வார்ப்புருக்களில் அச்சீரமைப்பை நீக்குமாறு ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டனர். உலாவியின் வழுவைப் பக்கம் எழுதியவர் திருத்த நேர்ந்தது. 2008 சூன் மாதம் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இவ்விரண்டும் தீர்ந்தன.

இப்பிணக்கின் அடிவேரை அணுகியது ஹார்ஃப்பஸ் திட்டம் ஆகும். ‘ஓப்பன்டைப்’ என்பதன் பாரசீக வடிவமே இப்பெயர். ஃபிரீடைப் திட்டத்திற் பிறந்த ஓப்பன்டைப் நிரலின் படிகளைப் பாங்கோவும் க்யூட்டியும் தனித்தனியே வைத்துத் தனித்தனியே திருத்தி வந்தன. அவற்றைப் பொது நூலகமாக்கும் முயற்சி 2006 அளவில் தொடங்கியது. பின்னர் பெஃதாத் எஸ்ஃபாபோத் அதனை முற்றிலும் புதிதாக எழுதினார். இந்திய மொழிகளுக்கான பகுதி 2012இல் உருப்பெற்றது. இதில் பின்பற்றப்பட்ட கொள்கை கவனிக்கத்தக்கது. சரியான தோற்றம் எது என்று தத்துவ விசாரணை செய்யாமல், யூனிஸ்கிரைப் தரும் விளைவையே தானும் தருவது என அத்திட்டம் முடிவு செய்தது. விக்கிப்பீடியாக்களிலிருந்து திரட்டப்பட்ட இந்திய மொழிச் சொற்பட்டியல்களை இரு பொறிகளிலும் இட்டு ஒப்பிட்டனர். தமிழ்ச் சொற்களும் அச்சோதனையில் அடங்கும். தமிழ் விக்கிப்பீடியர் இதனை அறிந்து மகிழலாம்.

லிப்ரேஆபிஸ் 2013இல் 4.1 பதிப்பிலிருந்து லினக்ஸிலும், 2017இல் 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஐசியூ தன் சொந்தப் பொறியை 2014இல் கைவிடத்தக்கதென அறிவித்து, 2016இல் 58ஆம் பதிப்பில் நீக்கியது. பொறி ஒன்றாகியபின் ‘அந்தச் செயலியில் சரியாகத் தெரிகிறதே’ என்னும் வாதம் பெரிதும் மறைந்தது.

தரத்திலேயே வேர்கொண்ட வழுக்கள் இவ்வாறு தீர்வதில்லை. சிறீ என்பதன் கிரந்தக் கூட்டெழுத்து முன்பு ஸகரத்தைக் கொண்டு எழுதப்பட்டது. 2005இல் ஒருங்குறி 4.1 பதிப்பு ஶகரத்தைச் சேர்த்ததும், அவ்வெழுத்தைக் கொண்டு எழுதுவதே முறை எனப்பட்டது. ஸ்ரீ, ஶ்ரீ இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியலாம். கணினிக்கோ இவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. விசைப்பலகை எழுதியவர் தரத்தையும், தேடுபொறி எழுதியவர் விசைப்பலகையையும், எழுத்துரு வடிவமைத்தவர் பழைய ஆவணங்களையும் சுட்டலாம். அனைவரும் கூறுவது உண்மையே.

வரைபடங்களில் டோல்கேட்

சென்னை மெட்ரோவின் வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் நீட்டிப்பு 2021 பெப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. அதன் நிலையங்களுள் டோல்கேட்டும் ஒன்று. இப்பெயரைத் தமிழில் வரைபடத்தில் இட விரும்புவோர் மேற்கூறிய சிக்கலை வேறு வடிவிற் சந்தித்தனர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தில் தமிழ்ப் பெயரைச் சேமிப்பதில் எத்தடையும் இல்லை. தரவு சரியாகவே இருக்கும். அதை வரையும் மேப்னிக் மென்பொருள் 2015இல் மூன்றாம் பதிப்பில்தான் ஹார்ஃப்பஸை ஏற்றது. அதற்கு முன்னர் கொம்புகள் ககரத்துக்குப் பின்னால் நின்றன. தமிழறியாத பார்வையாளருக்கு வேறுபாடு தெரியாது என்பதால், வழுவை அறிவிக்க வேண்டியவரும் அதனால் பாதிக்கப்படுபவரும் இங்கு ஒருவரே.

உலாவியில் நேரடியாக வரையும் மேப்பாக்ஸ் ஜிஎல் வேறு வழியிற் சென்றது. விரைவின் பொருட்டு, ஒரு குறியெண்ணுக்கு ஒரு படம் என முன்கூட்டியே தயாரித்த எழுத்துத் தொகுதிகளை அது பெற்றது. இவ்வமைப்பில் வடிவாக்கத்துக்கு இடமே இல்லை. அரபு எழுத்துக்களுக்கெனத் தனிச் செருகுநிரல் எழுதப்பட்டது. இந்திய, பர்மிய, கெமர் எழுத்துக்கள் காத்திருந்தன. அந்நிறுவனம் 2020 திசம்பரில் இரண்டாம் பதிப்பைக் கட்டற்ற உரிமத்திலிருந்து விலக்கிக்கொண்டது. முந்தைய நிரலை மேப்லிப்ரே என்னும் பெயரில் சமூகத்தினர் தொடர்ந்தனர். ஒருவர் வகுத்த கோப்பு வடிவத்தின் குறைபாடு இவ்வாறு மற்றொருவரின் வழுப் பதிவேட்டுக்கு மரபுரிமையாக வந்து சேர்ந்தது.

டெபியன் - ஓப்பன்எஸ்எஸ்எல்

பாதுகாப்பு தொடர்பான பிணக்குகளில் இது மிகவும் கடுமையான விளைவுடையது. வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி, ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் தொடக்க மதிப்பிடப்படாத நினைவகத்தைப் படிப்பதாக எச்சரித்தது. டெபியனில் அப்பொதியைப் பேணியவர் 2006 மே மாதம், எச்சரிக்கைக்குக் காரணமான இரு வரிகளை நீக்கலாமா என ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர் குழுமத்திற் கேட்டார். வழுநீக்கத்துக்கு உதவுமாயின் நீக்கலாம் எனக் கொள்ளத்தக்க மறுமொழி கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இரு வரிகளும் நீக்கப்பட்ட பொதி டெபியனில் இடம்பெற்றது.

இரு வரிகளும் பார்வைக்கு ஒன்றே. பணியிலோ வேறு. ஒன்றை நீக்குவதால் தீங்கில்லை. மற்றொன்றின் வழியாகவே தற்போக்கு எண்ணாக்கிக்கு வேண்டிய கணிக்கவியலாத தரவு முழுவதும் சென்றது. அது நீங்கியதும் எஞ்சியது செயலின் அடையாள எண் மட்டுமே. அவ்வெண் அதிக அளவாக 32,768 மதிப்புக்களையே கொள்ளும். அதனால் டெபியனிலும் உபுண்டுவிலும் இருபது மாதங்கள் உருவாக்கப்பட்ட மறைக்குறியீட்டுத் திறவுகோல்களை எவரும் முன்கூட்டியே பட்டியலிட்டுவிடலாம் என்றானது. லூசியானோ பெல்லோ இதனைக் கண்டறிந்தார். 2008 மே 13 அன்று டெபியன் அறிவிப்பு வெளியிட்டது. உலகெங்கும் வழங்கி நிருவாகிகள் தம் திறவுகோல்களை மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்து எழுந்தது பிணக்கு. ஓப்பன்எஸ்எஸ்எல் தரப்பிலிருந்து பென் லாரி, தமக்கு விளங்காத நிரலில் வழங்கல்கள் கைவைக்கக் கூடாது என்றும், ஒட்டுக்களை மூலத் திட்டத்துக்கே அனுப்ப வேண்டும் என்றும் கண்டித்தார். கேட்டுவிட்டுத்தானே செய்தார் எனப் பலர் மறுத்தனர். அக்குழுமம் நூலகத்தின் உருவாக்குநரை அணுகுமிடம் அன்று என்று பதில் வந்தது. பெயரிலேயே ‘உருவாக்குநர்’ என உள்ள குழுமம் அதற்கு உரியதன்று எனில் வெளியார் அறிவது எங்ஙனம் என்பது அடுத்த கேள்வி. நீக்கியவர் தவறு ஒருபுறமிருக்க, இன்றியமையாத வரிக்கருகே அதன் இன்றியமையாமையைக் கூறும் விளக்கக் குறிப்பு இல்லாததும் குறையே எனலாம்.

இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை

2009 சனவரியில் உபுண்டுவின் வழுப் பதிவேட்டில், கணினி திடீரென நின்று மீண்டபின் பல கோப்புக்கள் சுழி நீளத்தவாக உள்ளன என அறிவிக்கப்பட்டது. பணிச்சூழலின் அமைப்புக் கோப்புக்கள் வெறுமையாயின. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் மின்வெட்டுடன் வாழ்ந்த தமிழ்நாட்டுப் பயனர்க்கு ‘திடீரென நின்ற கணினி’ என்பது அரிய நிகழ்வு அன்று.

காரணம் புதிய இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் தாமத ஒதுக்கீடு என்னும் உத்தி. முந்தைய இஎக்ஸ்டி3 இயல்பிருப்பில் ஏறத்தாழ ஐந்து நொடிகளுக்கு ஒருமுறை தரவை வட்டில் எழுதியது. புதியது பல பத்து நொடிகள் காத்திருந்து, வேகத்தைக் கூட்டியது. அதன் பொறுப்பாளர் தியோடர் சோ, தரவு வட்டை அடைந்ததை உறுதிசெய்ய எஃப்சிங்க் என்னும் அழைப்பை விடுப்பது செயலியின் கடமை, போசிக்ஸ் தரம் அதற்குக் குறைந்த எந்த உறுதியும் தரவில்லை என விளக்கினார். தரத்தின்படி அவர் கூற்று சரியே.

செயலி எழுதுவோர் தரப்பிலும் நியாயம் இருந்தது. இஎக்ஸ்டி3இல் எஃப்சிங்க் அழைத்தால், தொடர்பற்ற பிற கோப்புக்களும் சேர்ந்து எழுதப்பட்டுக் கணினியே சற்று உறையும். 2008இல் பயர்பாக்ஸ் 3 உருவான வேளையில் அதன் தரவுத்தளம் எஃப்சிங்க்கை மிகுதியாக அழைத்து உலாவியை முடக்குகிறது என்ற பெரும் முறையீடு எழுந்திருந்தது. அழைத்தால் மெதுவாகும், அழைக்காவிட்டால் அழியும் என்னும் நிலை. தற்காலிகக் கோப்பில் எழுதிப் பின் பெயர்மாற்றும் வழக்கமான முறை போதுமானது எனப் பலர் நம்பியதும் பழைய கோப்பு முறைமையின் நடத்தையைக் கண்டே.

சோ தம் வாதத்தைக் கைவிடவில்லை. எனினும் திருத்தத்தையும் அவரே எழுதினார். பெயர்மாற்றம் செய்யும்போதும், சுழி நீளமாக்கி மீண்டும் எழுதும்போதும் தரவை உடன் ஒதுக்கும் ஒட்டுக்கள் கருனியின் 2.6.30 பதிப்பிற் சேர்ந்தன. உபுண்டு அவற்றை முன்னதாகவே தன் கருனியில் ஏற்றது.

போஸ்ட்கிரெஸ் - லினக்ஸ் கருனி

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே எஃப்சிங்க் மற்றொரு பிணக்குக்குக் காரணமாயிற்று. இம்முறை தரவுத்தளம் அதனை முறையாகவே அழைத்தது. 2018 மார்ச்சில் கிரெய்க் ரிங்கர் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநரிடம் முன்வைத்த சிக்கல் இது: வட்டில் எழுதுவது தோற்றால் எஃப்சிங்க் பிழையைத் தெரிவிக்கும். போஸ்ட்கிரெஸ் மீண்டும் முயலும். இரண்டாம் முறை வெற்றி எனப் பதில் வரும். உண்மையில் தரவு எழுதப்பட்டிராது. பிழையை ஒருமுறை தெரிவித்தபின், எழுதப்படாத பக்கத்தைத் தூய்மையானது எனக் கருனி குறித்துவிடுவதே காரணம். தரவுத்தளமோ அவ்வெற்றியை நம்பி, மீட்புக்கான பதிவேட்டை விட்டுவிடும்.

எழுத முடியாத பக்கங்களை வைத்துக்கொண்டே இருந்தால், பிடுங்கப்பட்ட ஒரு பென்டிரைவால் நினைவகம் முழுதும் நிரம்பும் என்பது கருனியாளர் வாதம். அதுவும் புறந்தள்ளத்தக்கதன்று. 2018 ஏப்ரலில் நடந்த கருனி உருவாக்குநரின் கூட்டத்தில் போஸ்ட்கிரெஸ் தரப்பினர் நேரிற் கலந்துகொண்டு பேசினர். இதன்பின் இரு தரப்பிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. பிழை நேர்ந்த பின்னர்க் கோப்பைத் திறப்பவருக்கும், அதுவரை எவருக்கும் தெரிவிக்கப்படாத பிழை தெரியுமாறு கருனி திருத்தப்பட்டது. போஸ்ட்கிரெஸ் 2019 பெப்ரவரியில் வெளியிட்ட 11.2 முதலிய பதிப்புக்களில், எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே தரவுத்தளத்தை உடன் நிறுத்திப் பதிவேட்டிலிருந்து மீட்கும் முறை இயல்பிருப்பாயிற்று. நேரிற் சந்தித்தது பிணக்கின் தொனியைப் பெரிதும் மாற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

பிற பிணக்குகள்

2010இல் பெடோரா 14 வழங்கலில் குனூ சி நூலகத்தின் நினைவகப் படியெடுப்புச் செயற்கூறு மாற்றப்பட்டதும், அதனைத் தரத்துக்கு மாறாகப் பயன்படுத்திய அடோபி பிளாஷின் ஒலி சிதைந்தது. பிளாஷ் தனியுரிமை மென்பொருள் ஆதலின் இது இக்கட்டுரையின் வரையறைக்குச் சற்று வெளியே நிற்கின்றது. தரம் எதைக் கூறினும் பயனருக்கு நேற்றுவரை இயங்கியது இன்று இயங்க வேண்டும் என லினஸ் டோர்வால்ட்ஸ் வாதிட்டார். 2011இல் வெளியான 2.14 பதிப்பு, பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையையும் புதியவற்றுக்குப் புதியதையும் அளித்து இருவரையும் நிறைவுசெய்தது.

2014 ஏப்ரலில் சிஸ்டம்டி, கருனி ஆகியவற்றிடையே எழுந்தது சொல்லுரிமை பற்றிய பிணக்கு. கருனிக்குத் தரப்படும் ‘வழுநீக்கு’ என்னும் பொருளுடைய கட்டளைச் சொல்லைச் சிஸ்டம்டியும் தனக்குரியதாகப் படித்துச் செய்திகளைக் கொட்டியதால், சில கணினிகள் தொடங்கவே இல்லை. அச்சொல் எவருக்கும் தனியுரிமை அன்று எனப் பதிவேடு மூடப்பட்டது. அதனால் சினமுற்ற டோர்வால்ட்ஸ், தொடர்புடைய உருவாக்குநரின் நிரலைக் கருனியில் ஏற்கப்போவதில்லை என அறிவித்தார்.

தமிழ் எழுத்து வழுக்களை அறிவித்தல்

தமிழ் உடைந்து தெரியும்போது வழு எந்த அடுக்கினது எனப் பயனரே ஓரளவு பிரித்தறியலாம். ஹார்ஃப்பஸுடன் வரும் எச்பி-வியூ என்னும் சிறு கட்டளைக் கருவி, எழுத்துருக் கோப்பையும் சொல்லையும் பெற்று நேரடியாகப் படமாக வரையும். அதில் சரியாகத் தெரிந்தால் வழு பெரும்பாலும் செயலியினது. அதிலும் உடைந்தால் வேறோர் எழுத்துருவில் அதே சொல்லைச் சோதிக்க வேண்டும். ஓர் எழுத்துருவில் மட்டும் உடையுமாயின் அவ்வெழுத்துருத் திட்டத்துக்கும், எல்லாவற்றிலும் உடையுமாயின் ஹார்ஃப்பஸுக்கும் அறிவிக்கலாம். அதற்கு முன், சொல் எக்குறியெண்களாற் சேமிக்கப்பட்டுள்ளது எனப் பார்ப்பது நன்று. ஔகாரக் குறிக்கு மாற்றாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டச்சிடப்பட்ட சொற்கள் தமிழ் இணையத்தில் ஏராளம். அங்கே எந்த நிரலிலும் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

அறிவிப்பில் பிழையான தோற்றத்தின் படத்துடன் சரியான தோற்றத்தின் படத்தையும் இணைத்தல் வேண்டும். படிப்பவர் தமிழ் அறியாதவராயின், இரண்டில் எது சரி என்பதையும் எழுதிவிட வேண்டும்.